கினெஃபோர்: குழந்தை காத்த நாயும் தொட்டிலின் வரலாறும்

கினெஃபோர் என்பது பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள தோம்ப் பகுதி உழவர்கள் புனிதராக வணங்கிய ஒரு வேட்டை நாயின் பெயர். நோயுற்ற கைக்குழந்தைகளைக் காக்கும் தெய்வமாக அந்நாய் போற்றப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் திருச்சபை இவ்வழிபாட்டைத் தடை செய்து நாயின் எலும்புகளையும் எரித்தது. ஆயினும் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தாய்மார் அதே காட்டுக்குப் பிள்ளைகளைத் தூக்கிச் சென்றனர்.

வீட்டு நாயும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது பற்றி மனிதர்கள் என்ன நினைத்தார்கள், எதை நம்பினார்கள், எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்பதை அறிய இந்த வரலாறு பெரிதும் உதவுகிறது. கதையில் குழந்தையைக் காப்பாற்றியது நாய். சடங்கில் குழந்தைகள் சிலர் இறந்தனர். இரண்டிலுமே குழந்தை தனியாக விடப்பட்டிருந்தது.

எத்தியென் த புர்போன்

இச்செய்தி நமக்குக் கிடைப்பது எத்தியென் த புர்போன் என்ற தொமினிக்கன் சபைத் துறவியின் எழுத்தின் வழியாக. பாரிசில் கல்வி கற்ற இவர், பின்னர் சமய விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டுத் தென்கிழக்குப் பிரான்சின் ஊர்களில் சுற்றினார். போதகர்கள் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்வதற்கென ஏறக்குறைய மூவாயிரம் கதைகளையும் நிகழ்ச்சிகளையும் இலத்தீன் மொழியில் தொகுத்தார். அந்தத் தொகுப்பு முடிவதற்குள், 1261-ஆம் ஆண்டளவில், லியோன் நகரில் காலமானார்.

தோம்ப் குளங்களும் சதுப்பும் நிறைந்த நிலம். காய்ச்சல் அங்கே குறைவில்லாத நோய். சுமார் 1250-ஆம் ஆண்டை ஒட்டி எத்தியென் அங்கே மாந்திரீகத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்து, மக்களின் பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டு வந்தார். பல பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் புனித கினெஃபோரிடம் கொண்டு சென்றதாகச் சொன்னார்கள். யாரோ ஒரு துறவி அல்லது மறைசாட்சி போலும் என்று முதலில் எண்ணினார் எத்தியென். மேலும் விசாரித்தபோதுதான் அது ஒரு நாய் என்று தெரிந்தது. விசாரணை அதிகாரியின் திகைப்பு அவருடைய எழுத்தில் நன்றாகவே தெரிகிறது.

அவர் கேட்டறிந்த கதை

நெவில் என்ற ஊருக்கு அருகே, வில்லார் பிரபுவின் நிலத்தில், ஒரு மாளிகை இருந்தது. அதன் தலைவனுக்கும் தலைவிக்கும் ஓர் ஆண் குழந்தை. ஒருநாள் இருவரும் வெளியே சென்றிருந்தனர். செவிலியும் வெளியே போனாள். தொட்டிலில் குழந்தை மட்டும் இருந்தது. அப்போது பெரிய பாம்பு ஒன்று வீட்டுக்குள் நுழைந்து தொட்டிலை நோக்கி ஊர்ந்தது. வீட்டில் இருந்த வேட்டை நாய் அதன்மீது பாய்ந்தது. போராட்டத்தில் தொட்டில் கவிழ்ந்தது. பாம்பு நாயைக் கடித்தது. நாய் பாம்பைக் கடித்துக் கொன்று, தொட்டிலுக்கு எட்டத்தில் தூக்கி எறிந்தது. பிறகு வாயிலும் தலையிலும் இரத்தம் வழிய, தொட்டில் பக்கத்திலேயே நின்றது.

முதலில் திரும்பியவள் செவிலி. கவிழ்ந்த தொட்டிலையும் இரத்தத்தையும் கண்டு, நாய் குழந்தையைத் தின்றுவிட்டது என்று அலறினாள். ஓடி வந்த தாயும் அலறினாள். தலைவன் வந்தான், வாளை உருவினான், நாயை வெட்டினான். அதன் பிறகே அவர்கள் தொட்டில் அருகே சென்று பார்த்தார்கள். குழந்தை காயமின்றித் தூங்கிக்கொண்டிருந்தது. பாம்பு துண்டுதுண்டாகக் கிடந்தது.

செய்த தவறு புரிந்ததும் நாயின் உடலை மாளிகை வாசலுக்கு எதிரே இருந்த கிணற்றில் இட்டு, மேலே கற்களைக் குவித்து, நினைவாக மரங்களை நட்டனர். காலப்போக்கில் மாளிகை அழிந்து, இடம் பாழானது. கற்குவியலும் மரங்களும் எஞ்சின. குற்றமின்றிக் கொல்லப்பட்ட நாயைச் சுற்றுவட்டார உழவர்கள் மறைசாட்சியாகக் கருதி வேண்டிக்கொள்ளத் தொடங்கினர்.

கதையின் வரிசையைக் கவனித்தால் ஒன்று விளங்கும். மூன்று பெரியவர்கள் வந்தார்கள்; மூவரும் முதலில் பார்த்தது நாயின் வாயை. குழந்தையைப் பார்த்தது கடைசியில்தான்.

தோப்பில் நடந்த சடங்கு

எத்தியென் கதையோடு நிறுத்தவில்லை. சடங்கையும் விரிவாக எழுதி வைத்தார். குறிப்பு எடுத்தவர் அதை ஒழிக்க வந்தவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். என்றாலும் இவ்வளவு நுணுக்கமான விவரங்கள் கிராமத்துப் பெண்களின் வாய்மொழியிலிருந்துதான் வந்திருக்க முடியும்.

இளைத்து, தேறாமல், ஓயாமல் அழுது கிடக்கும் பிள்ளையை நம் ஊரில் சவலை என்பார்கள். ஐரோப்பியக் கிராமங்களில் அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவளின் பிள்ளையே அல்ல என்று எண்ணும் வழக்கம் இருந்தது. காட்டு ஆவிகள் நல்ல குழந்தையை எடுத்துக்கொண்டு தங்கள் நோஞ்சான் குட்டியைத் தொட்டிலில் கிடத்திவிட்டன என்பது நம்பிக்கை. கினெஃபோர் தோப்புக்குத் தாய் வருவது அந்த மாற்றுக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துத் தன் குழந்தையை மீட்பதற்காக.

தோப்பிலிருந்து ஒரு காத தூரத்தில் இருந்த ஊரில் இச்சடங்கு தெரிந்த கிழவி ஒருத்தி இருந்தாள். அவள் சொன்னபடி தாய் உப்பும் பிற பொருள்களும் படைப்பாள். குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிடுவாள். மரங்களில் ஆணி அடிப்பாள். பிறகு இரண்டு அடிமரங்களுக்கு இடையே, தாய் ஒரு பக்கமும் கிழவி மறுபக்கமும் நின்று, ஆடையில்லாத குழந்தையை ஒன்பது முறை எறிந்து பிடிப்பார்கள். உங்கள் குழந்தையை எடுத்துக்கொண்டு எங்கள் குழந்தையைக் கொழுகொழுவென்று திருப்பிக் கொடுங்கள் என்று காட்டு ஆவிகளை வேண்டுவார்கள்.

அடுத்து வருவது கொடுமையான பகுதி. தொட்டில் வைக்கோலை மரத்தடியில் பரப்பி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, ஓர் அங்குல உயரமுள்ள இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, அவை எரிந்து தீரும் வரை தாய் விலகிச் செல்ல வேண்டும். குழந்தையின் அழுகை காதில் விழாத தூரத்துக்கு அவள் போய்விட வேண்டும். இப்படி விடப்பட்ட குழந்தைகளில் சிலர் மெழுகுவர்த்தியின் நெருப்புப் பற்றி இறந்ததாக எத்தியென் எழுதுகிறார். விலகிச் சென்ற தாய் ஒருத்தி, காட்டிலிருந்து ஓநாய் ஒன்று குழந்தையை நோக்கி வருவதைக் கண்டு ஓடிப்போய்க் காப்பாற்றியதாக அவரிடமே சொல்லியிருக்கிறாள். உயிரோடு இருக்கும் குழந்தையை அருகில் ஓடும் ஷலரோன் ஆற்றின் வேகமான நீரில் ஒன்பது முறை முக்கி எடுப்பார்கள். அதையும் தாங்கிய பிள்ளை பிழைக்கும் என்பது கணக்கு.

இதைப் படித்துவிட்டு அந்தத் தாய்மாரைக் கல்நெஞ்சர் என்று சொல்வது எளிது. மருத்துவரும் மருந்தும் இல்லாத இடத்தில், பிறக்கும் பிள்ளைகளில் பலர் ஐந்து வயதைக் காணாத காலத்தில், ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் வந்தவர்கள் அவர்கள். பிள்ளையை வேண்டாம் என்று நினைத்தவள் அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டாள்.

தடையும் தொடர்ச்சியும்

எத்தியென் அவ்விடத்துக்குச் சென்று மக்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார். நாயின் எலும்புகளைத் தோண்டி எடுக்கச் செய்து, மரங்களை வெட்டி, இரண்டையும் சேர்த்து எரித்தார். இனி அங்கே கூடுபவர்களின் உடைமைகள் பறிமுதல் செய்யப்படும் என்று நிலவுடைமைப் பிரபுக்களைக் கொண்டு ஆணையும் போட வைத்தார்.

எலும்பு போனாலும் இடம் போகவில்லை. மரங்கள் மீண்டும் வளர்ந்தன. 1879-இல் வேசியேர் என்ற ஆவணக் காப்பாளர் வெளியிட்ட ஆய்வில், ஷத்தியோன் ஊருக்குப் பக்கத்தில் கினெஃபோர் காடு என்ற பெயரோடே அவ்விடம் இருந்ததும், நோயுற்ற பிள்ளைகளுக்காக மக்கள் இன்னும் அங்கே சென்றதும் பதிவாயின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவ்வழக்கத்தின் நினைவு நீடித்தது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழான் குளோத் ஷ்மித் 1979-இல் வெளியிட்ட நூல் இந்த வழிபாட்டை முழுமையாக ஆராய்ந்தது. எழுத்தறிவற்ற மக்களின் நம்பிக்கையை, அதை எதிர்த்தவர் எழுதிய ஏட்டிலிருந்தே எப்படி மீட்டெடுக்கலாம் என்பதற்கு அந்நூல் இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

கதை வந்த வழி

பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த விலங்கு, அவசரத்தில் கொல்லப்படும் கதை தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் வரும் கீரிப்பிள்ளைக் கதையே இது. அங்கே நாய் இல்லை. வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்த கீரி. கொன்றவள் தாய்.

இக்கதையின் நிழல் சிலப்பதிகாரத்திலும் உண்டு. அடைக்கலக் காதையில் கோவலனின் அறச்செயல்களை மாடலன் எடுத்துச் சொல்கிறான். அவற்றுள் ஒன்று, கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணின் துயரைத் தீர்த்தது. கணவன் அவளைத் துறந்து வடதிசை போய்விடுகிறான். வடமொழி வாசகம் எழுதிய ஏட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் புகாரின் வணிகர் தெருக்களில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, தன் பொருளைக் கொடுத்து, பாவம் நீங்கத் தானம் செய்வித்து, கணவனோடு சேர்த்து வைக்கிறான். மற்ற நாடுகளில் கதை பெரும்பாலும் விலங்கின் சாவோடு முடிகிறது. கொன்றவளுக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று கேட்டது இளங்கோவடிகள். இந்த வேறுபாடு உரையாசிரியர்களும் அதிகம் பேசாத ஒன்று.

பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவையில் பகலவி மொழிக்குப் போனது. 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை ‘கலீலா வ திம்னா’ என்று அரபியில் எழுதினார். கீரி இல்லாத நாடுகளில் அதன் இடத்தில் மரநாயைப் போன்ற சிறு விலங்கு வந்தது. மேற்கு ஐரோப்பாவை அடைந்தபோது அது நாயாகிவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய ‘உரோமின் ஏழு ஞானிகள்’ கதைத் தொகுதியில் நாய்தான் இருக்கிறது. பிரபுக்களின் மாளிகைகளில் வேட்டை நாய்கள் தாராளமாக நடமாடிய சமுதாயம் அது. கேட்பவருக்குப் பழகிய விலங்கைக் கதை எடுத்துக்கொண்டது. கதையின் இந்தப் பயணத்தை ஜெர்மானிய அறிஞர் தியோடர் பென்ஃபை 1859-இல் தம் பஞ்சதந்திர மொழிபெயர்ப்போடு விரிவாக ஆராய்ந்தார்.

வேல்சு நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் இதே நாய்க்குக் கல்லறையே இருக்கிறது. அங்கே நாயின் பெயர் கெலர்ட். எசமானர் 1240-இல் இறந்த லவெலின் என்ற இளவரசர். பாம்புக்குப் பதில் ஓநாய். சுற்றுலா வருவோர் கண்கலங்கிப் பார்க்கும் அந்தக் கல்லறை, ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டளவில், ஊருக்குப் புதிதாக வந்த விடுதிக்காரர் டேவிட் பிரிச்சர்டு முன்னின்று எழுப்பியது என்று கருதப்படுகிறது. ஊர்ப்பெயர் கெலர்ட் என்ற பழைய துறவி ஒருவரால் வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அந்தக் காலத்தில் வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் எழுதிய ஆங்கிலக் கவிதை கதையை எங்கும் பரப்பியது. விடுதியும் நன்றாக நடந்தது.

1955-இல் வெளிவந்த ‘லேடி அண்டு த டிராம்ப்’ என்ற டிஸ்னி திரைப்படத்திலும் இதே கதைதான். குழந்தையின் அறைக்குள் எலி நுழைகிறது. நாய் அதைக் கொல்கிறது. தொட்டில் கவிழ்கிறது. வீட்டுப் பெரியவள் நாயைத் தவறாகப் புரிந்துகொண்டு நாய் பிடிப்பவரிடம் ஒப்படைக்கிறாள். குழந்தைகளுக்கான படம் என்பதால் நாய் பிழைத்துக்கொள்கிறது.

கதைக்கு வெளியே இருந்த ஆபத்து

இவ்வளவு நாடுகளில் இக்கதை வாழ்ந்ததற்குக் காரணம், தொட்டில் குழந்தையைத் தனியே விட்டுச் செல்வது எல்லா நாட்டிலும் நடந்தது என்பதே. உழவர் வீட்டில் தாய் வயலுக்குப் போக வேண்டும். தண்ணீர் எடுக்க வேண்டும். ஐரோப்பாவில் கைக்குழந்தையைத் துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றித் தொட்டிலில் கிடத்தும் வழக்கம் இருந்தது. கையைக்கூட அசைக்க முடியாத அப்பிள்ளைக்கு எதையும் விலக்கத் தெரியாது.

இடைக்கால இங்கிலாந்தின் பிண விசாரணை ஏடுகளை ஆராய்ந்த பார்பரா ஹனவால்ட், தொட்டிலில் நெருப்புப் பிடித்து இறந்த குழந்தைகளையும், வீட்டுக்குள் புகுந்த பன்றிகளால் கடிபட்ட குழந்தைகளையும் எடுத்துக்காட்டுகிறார். 1386-இல் நார்மண்டியின் ஃபலேசு நகரில் குழந்தையைக் கடித்துக் கொன்ற ஒரு பெண்பன்றிக்கு நீதிமன்றம் தண்டனை விதித்துத் தூக்கிலிட்டது. பன்றியைத் தூக்கிலிட்டவர்கள் வீட்டுக் கதவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் திருச்சபை விதிகளோ, குழந்தைகளை நெருப்பருகிலும் நீரருகிலும் தனியே விடக்கூடாது என்று தாய்மாரை எச்சரிக்கும்படி பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டன. அந்த எச்சரிக்கை சரியானதே.

நாய்க்கடி பற்றிய சட்டங்களும் பழமையானவை. 9-ஆம் நூற்றாண்டு ஆங்கில மன்னர் ஆல்ஃபிரடின் சட்டத்தில், நாய் ஒருவரைக் கடித்தால் உடையவர் முதல் முறை 6 ஷில்லிங், அந்த நாயைத் தொடர்ந்து வளர்த்து அது மீண்டும் கடித்தால் 12, மூன்றாம் முறை 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும். முதல் கடிக்குப் பிறகும் அந்த நாய்க்குச் சோறு போடுகிறவர் பொறுப்பை ஏற்கிறார் என்ற எண்ணம் இதில் தெளிவாக இருக்கிறது.

‘செவிலி நாய்’ என்னும் நம்பிக்கை

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடுத்தர வர்க்கம் பெருகியபோது, வாசலில் கிடந்த நாய் கூடத்துக்கு வந்தது. குழந்தையும் பெரிய நாயும் சேர்ந்திருக்கும் ஓவியங்களுக்குச் சந்தை உண்டாயிற்று. எட்வின் லாண்ட்சீர் நியூஃபவுண்ட்லாந்து இன நாய்களை மனிதரைக் காக்கும் பெருந்தகைகளாக வரைந்தார். 1904-இல் இலண்டனில் அரங்கேறிய ஜே.எம். பாரியின் ‘பீட்டர் பான்’ நாடகத்தில் நானா என்ற நாயே பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கும் செவிலி. தந்தை கோபத்தில் அதை முற்றத்தில் கட்டிப்போட்ட இரவில்தான் பிள்ளைகள் வீட்டை விட்டுப் பறந்து போகிறார்கள். நாடகத்தில் இது வேடிக்கை. வேடிக்கை என்பதை மறந்து நம்பியவர்களால்தான் சிக்கல்.

சில இன நாய்களைச் செவிலி நாய்கள் என்று அழைத்துக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை என்று சொல்லும் வழக்கம் இன்றும் இணையத்தில் காணப்படுகிறது. இங்கிலாந்தில் நூறாண்டுகளாக அப்பெயர் இருந்ததாகவும் சொல்வார்கள். அச்சில் அந்தப் பேச்சு பரவியது 1971-இல் ஸ்டாஃபர்டுஷயர் புல் டெரியர் இனத்தைப் பற்றி அமெரிக்க நாளிதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பின்னரே. இனத்தைப் பார்த்துக் குழந்தையை ஒப்படைப்பது, சாதகத்தைப் பார்த்து வைத்தியம் செய்வது போன்றது.

மருத்துவர்கள் கண்டது

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மருத்துவமனைப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழைய கதைகள் சொல்லாத செய்திகள் வெளிவந்தன. நாய்க்கடிக்கு ஆளாவோரில் குழந்தைகளின் பங்கு பெரிது. கடிப்பது பெரும்பாலும் தெருவில் போகும் அந்நிய நாய் அல்ல. குழந்தைக்குத் தெரிந்த நாய், பல நேரம் சொந்த வீட்டு நாய். பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் படும் கடி, சிறு குழந்தைகளுக்குத் தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் படுகிறது. நாயின் வாயும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருப்பதே காரணம். கைக்குழந்தைக்கு மண்டையோடு இன்னும் இறுகவில்லை; ஒரே கடி உயிருக்கு ஆபத்தாகலாம்.

வீட்டுப் பழக்கமுள்ள சிறு குழந்தைகளை நாய் கடிப்பது உணவுத் தட்டு, எலும்பு, படுக்கை போன்றவற்றைக் காக்கும் வேளையில் மிகுதி என்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை நடத்தை ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பிள்ளை மல்லாந்து கிடக்கும் பருவத்தைவிட, தவழத் தொடங்கி நாயின் தட்டருகே தானே போகும் பருவம் வேறு விதமான ஆபத்து. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: சிறு பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சீறும் நாயின் முகத்தைச் சிரிப்பதாகப் புரிந்துகொள்கிறார்கள். சிரிக்கும் நாயிடம் குழந்தை முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டு போகும்.

நாயின் பக்கமும் ஒன்று உண்டு. மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டின் செல்லமாக இருந்த நாய்க்கு, ஒருநாள் திடீரென்று இரவும் பகலும் கத்தும், விசித்திரமான வாசனையுள்ள, கைகால் உதறும் ஓர் உயிர் கொண்டுவரப்படுகிறது. தன் நடைப் பயிற்சி நிற்கிறது. தன் இடம் பறிபோகிறது. அது நம் பிள்ளை என்று நாய்க்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இன்றைய வழக்கம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் முதலிய அமைப்புகள் சொல்லும் முதல் விதி எளியது: எந்த நாயையும், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், கைக்குழந்தையோடு தனியே விடக்கூடாது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போகும் இரண்டு நிமிடமும் இதில் அடங்கும். போகிறவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அல்லது நாயைக் கூட அழைத்துப் போக வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பது என்றால் ஒரே அறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. நாய்க்கும் குழந்தைக்கும் இடையே கை எட்டும் தூரத்தில் இருப்பது.

ஆயத்தம் பிள்ளை பிறக்கும் முன்பே தொடங்க வேண்டும். நாய் படுக்கும் இடம், உண்ணும் நேரம், நடக்கும் நேரம் ஆகியவற்றில் வரப்போகும் மாற்றங்களைச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாகப் பழக்கினால், மாற்றத்துக்குக் காரணம் குழந்தை என்று அது இணைத்துக்கொள்ளாது. குழந்தை அழும் ஒலிப்பதிவை மெல்லிய ஒலியில் கேட்கச் செய்வதும் உண்டு. குழந்தை தூங்கும் அறைக்கு நாய் போகாதபடி வாசலில் சிறு தடுப்புக் கதவு வைப்பது மேலைநாடுகளில் வழக்கம். நம் வீடுகளில் தூளி தரைக்குச் சற்று மேலேதான் தொங்குகிறது. ஆடும் பொருள் நாயின் வேட்டை உணர்வைத் தூண்டக்கூடும் என்பதால், தூளி ஆடும் அறையில் நாய் இல்லாமல் இருப்பதே நல்லது. குடற்புழு நீக்கமும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது.

நாய் கடிப்பதற்கு முன் பல முறை சொல்லிவிடுகிறது. கெண்டல் ஷெப்பர்டு என்ற பிரித்தானியக் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் கொட்டாவி விடுதல், மூக்கை நக்குதல், தலையைத் திருப்புதல், விலகிப் போதல். மேலே போகப் போக உடல் விறைத்தல், முறைத்தல், உறுமுதல். கடைசிப் படி கடி. உறுமிய நாயை அடிப்பது பெரிய தவறு என்று நடத்தை அறிஞர்கள் சொல்வது இதனால்தான். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும்; கடிப்பதை நிறுத்தாது. உறுமல் கேட்டால் குழந்தையை அமைதியாக விலக்கிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்கு வலியுள்ள நோய் இருக்கலாம்.

கடித்துவிட்டால், காயம் சிறிதானாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பக்கூடாது. இரத்தம் நிற்காமல் வழிந்தாலோ, தலையிலும் கழுத்திலும் ஆழமான காயம் இருந்தாலோ, முதலில் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு புறப்பட வேண்டும், கழுவுவதற்காகக் காத்திருக்கக்கூடாது.

சட்டம் வீட்டுக்குள் வந்தது

பிரித்தானியாவின் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் தொடக்கத்தில் பொது இடங்களையே பெரிதும் மனத்தில் கொண்டது. வீட்டுக்குள் நடந்த கடிகளுக்கு வழக்குத் தொடுக்க வழி குறைவு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2014-இல் அச்சட்டம் தனியார் வீடுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கெலர்ட் கல்லறை இருக்கும் ஊரும் அதில் அடங்கும்.

பிரான்சில் 2008 ஜூன் மாதச் சட்டத்தின்படி, ஒரு நாய் மனிதரைக் கடித்தால் உடையவரோ அதை அறிந்த மருத்துவர் முதலியோரோ ஊர் மேயருக்கு அறிவிக்க வேண்டும். நாயின் நடத்தையைக் கால்நடை மருத்துவர் மதிப்பிடுவார். வெறிநோய்க் கண்காணிப்புக்காக அந்த நாய் 15 நாள் மருத்துவர் பார்வையில் வைக்கப்படுகிறது. மூன்று முறை பரிசோதிக்கப்படுகிறது. அந்த நாள்கள் முடியும் வரை, அனுமதியின்றி உடையவர் அதைக் கொல்லக்கூடாது.